பங்கும் கூறும்: வகுத்தலுக்கு ரெண்டு கதை

அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுப்பாட நோட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கணக்கு இதுதான்: 250 மாணவர்கள் சுற்றுலா போகிறார்கள். ஒரு பேருந்தில் 40 பேர் உட்காரலாம். எத்தனை பேருந்துகள் வேண்டும்?

படித்து முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இது பெருக்கலா வகுத்தலா?"

நானும் யோசிக்காமல் "வகுத்தல்" என்று சொல்லிவிட்டேன். கடகடவென்று போட்டாள். ஒரு தப்பு இல்லை. அடியில் ரெண்டு கோடு இழுத்து 'ஈவு 6, மீதி 10' என்று எழுதி நோட்டை மூடப் போனாள்.

"இரு இரு. எத்தனை பஸ் வேணும்?"

"ஆறு."

"அப்போ அந்தப் பத்துப் பேரு?"

"அவங்க மீதி, மாமா."

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வருத்தமும் வந்தது, ஏன்னா இதில் என் பங்கும் இருக்கு. போன வருஷம் வாக்கியக் கணக்கு வரவில்லை என்று அவள் அழுதபோது, நான்தான் ஒரு சார்ட்டில் எழுதிக் கொடுத்தேன்: 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, இல்லன்னா பெருக்கு. 'மீதம்' வந்தால் கழி. 'சமமாக' வந்தால் வகு. அந்த வருஷம் மார்க் ஏறியது. கணக்கில் வரும் ஆட்களையும் பஸ்ஸையும் பார்க்காமல் வார்த்தையை மட்டும் வேட்டையாட அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த சார்ட்தான். இந்தக் கணக்கில் 'சமமாக' இல்லை. அதனால்தான் என்னிடம் கேட்டாள்.

அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படித்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

அந்தப் பத்துப் பேர் ரொம்பப் பழைய ஆட்கள்

இந்த மீதிப் பத்துப் பேருக்கு அண்ணன்மார் உண்டு. 1983-ல் அமெரிக்காவில் நடந்த தேசிய அளவிலான கல்வி மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஒரு ராணுவ பஸ்ஸில் 36 வீரர்கள் போகலாம். 1,128 வீரர்களைக் கூட்டிப் போக எத்தனை பஸ் வேண்டும்? ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். 29 சதவீதம் பேர் '31, மீதி 12' என்று எழுதினார்கள். 18 சதவீதம் பேர் 31 என்றார்கள். 32 பஸ் என்று சொன்னவர்கள் 23 சதவீதம் மட்டும்.

அதே காலகட்டத்தில் பிரான்சில், கிரெனோபிள் நகரத்துக் கணித ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இன்னொரு வேலை செய்தார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு இருக்கு. கப்பல் கேப்டனுக்கு வயசு என்ன?" என்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இருக்கிற எண்களை வைத்து ஒரு விடை சொல்லிவிட்டார்கள். 26-ம் 10-ம் 36. கேப்டனுக்கு 36 வயசு இருக்கக்கூடாதா என்ன!

இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று நினைத்தால் அது தப்பு. பள்ளிக்கூடத்தின் எழுதாத சட்டத்தை அவர்கள் நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். கணக்கு என்று ஒன்று கொடுத்தால் அதற்கு விடை உண்டு. கொடுத்த எண்ணை எல்லாம் பயன்படுத்தணும். எந்தக் குறி போடுவது என்று கண்டுபிடித்தால் போதும். இந்தச் சட்டப்படி பார்த்தால் 'அவங்க மீதி, மாமா' ரொம்பச் சரியான பதில்.

நம்ம ஊரில் கவலை வேறு மாதிரி பேசப்படுகிறது. 2024 அசர் அறிக்கைப்படி, இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 31 பேர் போலத்தான் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கிறார்கள். அது பெரிய பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 31 பேருக்குள் என் அக்கா மகளும் வருவாள். வகுக்கத் தெரிந்த பிறகும் பத்துப் பேரை ரோட்டில் நிறுத்திவிட்டுப் போகிற பிரச்சினை தனியாக இருக்கு. நான் பேசுவது அதைப் பற்றி.

தேங்காய் விற்ற பையன்

1985-ல் பிரேசிலில் டெரெசினா கராஹர் (பின்னாளில் டெரெசினா நூனிஸ்), டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரெசிஃபி நகரத்துத் தெருச் சந்தையில் வியாபாரம் பார்த்த ஐந்து பிள்ளைகள்; வயது 9-லிருந்து 15. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் மாதிரி போய்ப் பொருள் வாங்கினார்கள், விலை கேட்டார்கள். சந்தையில் கேட்ட கேள்விகளில் 98 சதவீதத்துக்குச் சரியான பதில் வந்தது. பிறகு அதே பிள்ளைகளிடம் அதே எண்களைக் காகிதத்தில் கொடுத்தார்கள். வாக்கியக் கணக்காகக் கொடுத்தபோது 74 சதவீதம். வெறும் எண்ணும் குறியுமாகக் கொடுத்தபோது 37 சதவீதம்.

அதில் ஒரு பையன் செய்தது என் மனதில் நின்றுவிட்டது. ஒரு தேங்காய் 35 குரூசெய்ரோ. பத்துத் தேங்காய் எவ்வளவு? அவன் 35-க்குப் பின்னால் சைபர் போடவில்லை. மூணு தேங்காய் 105. இன்னொரு மூணு, 210. இன்னொரு மூணு, 315. இன்னும் ஒண்ணு, 350. இவ்வளவுதான்.

சுற்று வழிதான். ஆனால் அவன் கையில் எப்பவும் ரெண்டு கயிறு இருப்பதைக் கவனியுங்க. ஒன்று தேங்காய், இன்னொன்று காசு. மூணு தேங்காய் நகர்ந்தால் 105 கூடவே நகரும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அவன் இழுப்பதே இல்லை. பெருக்கல் என்றால் அடிப்படையில் இதுதான்: இரண்டு அளவுகள் ஒரே விகிதத்தில் சேர்ந்து நகர்வது. 'திரும்பத் திரும்பக் கூட்டுவது' என்று ஆரம்பத்தில் சொல்லிக் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அது விடையைக் கண்டுபிடிக்கிற ஒரு வழி மட்டும்.

ரெண்டு கயிறில் ஒன்று நழுவினால் என்ன ஆகும்? எங்க வீட்டில் நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. விருந்தாளி வருகிறார்கள் என்று ஆறு டம்ளர் அரிசி போட்டார்கள். உளுந்து எவ்வளவு என்று அவளிடம் கேட்டேன். "அரிசி ரெண்டு கூடுச்சு. அப்போ உளுந்தும் ரெண்டு கூட்டணும். மூணு" என்றாள். அடுப்பங்கரையிலிருந்து ஆச்சி, "ஆறு அரிசிக்கு மூணு உளுந்தா? அது இட்லி மாவு இல்லடி, வடைக்குப் பக்கத்துல வந்துரும்" என்றார்.

கூட்டிப் பார்க்கிற மனசு 'எவ்வளவு கூடியது' என்று கேட்கும். பெருக்கிப் பார்க்கிற மனசு 'எத்தனை மடங்கு' என்று கேட்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவுவது ஆரம்பப் பள்ளிக் கணக்கிலேயே பெரிய தாவல்களில் ஒன்று. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதால் மட்டும் அது நடக்காது. ஒரு தாளில் ரெண்டு வரிசை எழுதச் சொன்னேன். மேலே அரிசி, கீழே உளுந்து. 4-க்கு 1. 8-க்கு 2. நடுவில் 6. "ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, அப்போ ஒண்ணரை" என்று அவளே சொன்னாள்.

ஐந்து வயதில் முடிந்தது பதிமூன்றில் ஏன் முடியவில்லை?

இன்னொரு ஆய்வு. 1993-ல் தாமஸ் கார்பென்டரும் அவர் குழுவும் அமெரிக்காவில் வெளியிட்டது. 70 மழலையர் வகுப்புப் பிள்ளைகள், ஐந்தாறு வயசு. வகுத்தல் என்ற பெயரோ, குறியோ, அதைச் செய்யும் முறையோ தெரியாது. அவர்களிடம் கேட்ட கணக்குகளில் ஒன்று: 19 பிள்ளைகள் சர்க்கஸ் பார்க்கப் போகிறார்கள். ஒரு காரில் 5 பேர் போகலாம். எத்தனை கார் வேண்டும்? எண்ணிப் பார்க்கச் சின்னச் சின்னப் பொருட்கள் கையில் இருந்தன. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள்.

எண்கள் சின்னவை, அதனால் ராணுவ பஸ்ஸோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் யோசித்துப் பாருங்க, ரெண்டும் ஒரே கணக்கு. சின்னப் பிள்ளைக்கு அந்தக் கட்டைகள் பிள்ளைகள்தான். ஐந்து ஐந்தாக ஏற்றிவிட்டு, மீதி நாலு பேர் நிற்பதைக் கண்ணால் பார்க்கிறது. அவர்களுக்கும் ஒரு கார் வருகிறது. பெரிய பிள்ளையிடம் முறை இருக்கு. முறைக்குள் நுழைந்ததும் வீரர்கள் எண்ணாக மாறிவிடுகிறார்கள். வெளியே வரும்போது அவர்களைத் திரும்ப வீரர்களாக மாற்ற யாரும் சொல்வதில்லை.

பங்கு, கூறு

இப்போது நான் ரொம்ப நாளாகக் கவனிக்காமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கை புளியங்கொட்டை எடுத்து, 12 எண்ணி வைத்து, "12 ÷ 3 செஞ்சு காட்டு" என்றேன். மூணு இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ஆச்சிக்கு ஒண்ணு. முடித்ததும் மூணு குவியல், ஒவ்வொன்றிலும் நாலு.

"சரி, வேற மாதிரி செய்ய முடியுமா?" முழித்தாள். நான் கொட்டைகளைத் திரும்பச் சேர்த்து, மூணு மூணாக எடுத்து வைத்தேன். நாலு குவியல் வந்தது. "விடை ரெண்டுலயும் நாலுதான். ஆனா இந்த நாலும் அந்த நாலும் ஒண்ணா?"

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அங்க நாலு கொட்டை. இங்க நாலு குவியல்."

வகுத்தலுக்கு ரெண்டு கதை இருக்கு என்பது இதுதான். எத்தனை பேர் என்று தெரியும், ஆளுக்கு எவ்வளவு என்று தெரியாது: முதல் கதை. ஆளுக்கு எவ்வளவு என்று தெரியும், எத்தனை பேருக்கு வரும் என்று தெரியாது: இரண்டாவது கதை. எங்க வீட்டில் இதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம். முதலாவது 'பங்கு போடுறது'. இரண்டாவது 'கூறு கட்டுறது'. சந்தையில் தக்காளியை அஞ்சு அஞ்சாகக் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. 30 தக்காளி இருந்தால் எத்தனை கூறு வரும் என்பதுதான் விற்கிறவருக்குத் தெரிய வேண்டிய கேள்வி. அகராதியில் பங்கும் கூறும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் சந்தைப் பேச்சை வைத்துப் பிரித்துக்கொண்டேன்.

ரெண்டு கதைக்கும் விடை ஏன் ஒன்றாக வருகிறது? 12 கொட்டையை மூணு வரிசை, வரிசைக்கு நாலாக அடுக்கினால் விளங்கிவிடும். படுக்கைவசமாகப் பார்த்தால் நாலு நாலாக மூணு. செங்குத்தாகப் பார்த்தால் மூணு மூணாக நாலு. 3 × 4-ம் 4 × 3-ம் ஒன்று என்று வாய்ப்பாட்டில் சொல்லுவது இதைத்தான். அதை வாயால் சொன்னவள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவளுடைய நோட்டைப் புரட்டினேன். வகுத்தல் அறிமுகக் கணக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே பங்குக் கதை. மிட்டாயைச் சமமாகப் பிரி, மாம்பழத்தைச் சமமாகப் பிரி. ஆனால் நீள் வகுத்தல் போடும்போது வாயில் வருவது என்ன? "இருபத்தஞ்சுல நாலு எத்தனை தடவை போகும்?" அது கூறுக் கதை! கதையைப் பங்கில் சொல்லிவிட்டு, வேலையைக் கூறில் செய்யச் சொல்கிறோம். நடுவில் வண்டி மாறியதைப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. பஸ் கணக்கும் கூறுதான்: 40, 40 பேராகக் கூறு கட்டி ஏற்றணும்.

'பெருக்கல்' என்ற பெயரே செய்கிற குழப்பம்

"இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பது, விடை ஒன்றுதானே" என்று விட்டுவிடலாம். முழு எண்களோடு நின்றுவிட்டால் விடலாம்தான். பின்னம் வரும்போதுதான் பழைய கடன் வட்டியோடு வரும்.

1985-ல் எஃப்ராயிம் ஃபிஷ்பைனும் அவருடன் வேலை பார்த்தவர்களும் இத்தாலியில் ஐந்து, ஏழு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 600-க்கும் மேற்பட்டவர்களிடம் வாக்கியக் கணக்குகளைக் கொடுத்து, எந்தச் செயல் என்று மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கணக்குப் போட வேண்டியதில்லை. ஒரே மாதிரிக் கதையில் பெருக்கும் எண் முழு எண்ணாக இருந்தால் சரியாகச் சொன்னவர்கள், அது ஒன்றைவிடச் சின்னத் தசமமாக மாறியதும் தடுமாறினார்கள். அவர்கள் சொன்ன விளக்கம்: நாம் முதலில் படித்த கதை உள்ளே மறைந்திருந்து, நமக்கே தெரியாமல் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. திரும்பத் திரும்பக் கூட்டினால் பெருகத்தானே செய்யும்? பங்கு போட்டால் குறையத்தானே செய்யும்? அதனால் 'பெருக்கினால் பெரிசாகும், வகுத்தால் சின்னதாகும்' என்ற நம்பிக்கை ஒன்பதாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறது.

நமக்கு இன்னொரு கஷ்டம் கூடுதல். தமிழில் பெயரே 'பெருக்கல்'. ஆடிப்பெருக்கு என்றால் ஆறு பெருகுகிறது. 8 × ½ = 4 என்று எழுதினால், "பெருக்கச் சொன்னாங்க, குறைஞ்சு போச்சே" என்று பிள்ளை கேட்பது நியாயமான கேள்வி.

இங்கே பழைய திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி நினைவுக்கு வருகிறது. அதில் முழு எண் வாய்ப்பாடு மட்டும் இல்லை. முக்கால், அரை, கால், மாகாணி என்று இறங்கி, 320-ல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பிள்ளைகள் எண்ணையும் அளவையும் சேர்த்தே படித்தார்கள். நெல் அளக்க ஒரு வரிசை, பொன்னுக்கு ஒரு வரிசை, நிலத்துக்குக் குழிமாத்து. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. திண்ணையில் உட்கார யாருக்கு இடம் கிடைத்தது, மனப்பாடம் எப்படி வர வைக்கப்பட்டது என்பதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் காலைக் காலால் பெருக்கினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று, என்று சின்ன வயதிலேயே சொன்ன பிள்ளைக்கு 'பெருக்கினால் பெரிசாகும்' என்ற நம்பிக்கை அவ்வளவு இறுகியிருக்காது என்று தோன்றுகிறது. இது என் ஊகம்.

பூக்காரம்மாவின் முழம்

6 ÷ ½ எவ்வளவு? முறை தெரியும்: தலைகீழாக்கிப் பெருக்கு, 12. இதற்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றால்?

லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999-ல் வெளியிட்ட நூலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களிடமே இதைக் கேட்டிருந்தார். 1¾ ÷ ½ போடுங்க, அதற்கு ஒரு கதையும் சொல்லுங்க. சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். அவர்களில் 65 பேர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் போட முயன்ற 21 பேரில் 9 பேர் சரியாக முடித்தார்கள். கருத்து சரியாக இருந்த கதை சொன்னவர் ஒரே ஒருவர். நிறையப் பேர் சொன்னது '1¾ பண்டத்தை ரெண்டு பேருக்குப் பிரி' என்ற மாதிரிக் கதை. அது ½-ஆல் வகுப்பது இல்லை, 2-ஆல் வகுப்பது.

ஏன் அங்கே போய் விழுந்தார்கள்? ஏன்னா அவர்கள் கையில் இருந்தது பங்குக் கதை மட்டும். அரை ஆளுக்கு எப்படிப் பங்கு போடுவது? கூறுக் கதை கையில் இருந்தால் இதில் சிக்கலே இல்லை. அரை அரையாகக் கூறு கட்டினால் எத்தனை கூறு வரும், அவ்வளவுதான்.

இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தெருமுனைப் பூக்காரம்மா காப்பாற்றினார். மூணு முழம் மல்லி வாங்கினோம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் மூணு தடவை அளந்து வெட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "உன் கையால அள" என்றேன். மூணரை முழத்துக்கும் மேலே வந்தது.

"அந்தம்மா நமக்குக் கூடக் குடுத்துட்டாங்களா?"

"பூ அதேதான். நீயே யோசி."

கையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். "என் கை சின்னது. அதான் நிறைய தடவை போகுது."

அளக்கிற அளவு சின்னதானால் எண்ணிக்கை பெரிசாகும். வகுத்தால் விடை ஏன் பெரிதாக வரலாம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. "அப்போ அந்தம்மா கையால மூணு முழம். அரை அரை முழமா வெட்டினா?" "ஆறு." 3 ÷ ½ = 6. தலைகீழாக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை.

ஆசையில் அந்த 1¾-ஐயும் கேட்டுவிட்டேன். ஒண்ணே முக்கால் முழத்தை அரை முழமாக வெட்டினால்? "மூணு துண்டு. மீதி கால்" என்றாள். முறைப்படி விடை மூன்றரை. கால் எங்கே, அரை எங்கே? இங்கேதான் நிறையப் பெரியவர்களும் நிற்பார்கள். மீதி இருப்பது கால் முழம். ஆனால் நாம் எண்ணுவது முழத்தை இல்லை, துண்டை. கால் முழம் என்பது ஒரு துண்டில் பாதி. அதனால் மூன்றரைத் துண்டு. அன்றைக்கு அது அவளுக்கு முழுசாகப் பிடிபடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ரெண்டு நாள் கழித்து ரிப்பனை வைத்துத் திரும்பச் செய்தபோது பிடித்துக்கொண்டாள்.

இப்போது வீட்டில் என்ன செய்கிறோம்

முதல் வேலையாக அந்தச் சார்ட்டைக் கிழித்தேன். அதற்குப் பதிலாக நாலு பழக்கம்.

ஒன்று: குறி போடும் முன் கதையைத் தன் வார்த்தையில் சொல்லணும். எண்ணே இல்லாமல். "ஆட்கள் நிறைய இருக்காங்க, பஸ்ஸுல இவ்வளவு பேருதான் ஏறலாம், எத்தனை பஸ்ஸுன்னு தெரியல." இதைச் சொல்ல முடிந்தால் பாதி முடிந்தது.

இரண்டு: போடும் முன் ஒரு குத்துமதிப்பு. விடை கொடுத்த எண்ணைவிடப் பெரிசா, சின்னதா? ஏன்?

மூன்று: ஒரே வகுத்தலுக்குப் பல கதை. 26 ÷ 4 எடுத்துக்குங்க. 26 பேர், ஆட்டோவுக்கு 4 பேர் என்றால் 7 ஆட்டோ. கையில் 26 ரூபாய், மிட்டாய் 4 ரூபாய் என்றால் 6 மிட்டாய். 26 ரூபாயை 4 பேர் பிரித்தால் ஆளுக்கு 6 ரூபாய் 50 பைசா. 26 பென்சிலை நாலு பேருக்குக் கொடுத்த பிறகு டப்பாவில் எத்தனை என்றால் 2. ஒரே எண்கள், ஒரே வகுத்தல், நாலு விடை. எது சரி என்று வகுத்தல் சொல்லாது, கதைதான் சொல்லும். இதை அவள் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள். அடுத்தடுத்துப் புதுக் கதை கட்டுகிறாள்.

நான்கு: நடுநடுவே கேப்டன் வயசு மாதிரி ஒரு அசட்டுக் கணக்கு. "போட முடியாது" என்று சொல்வதும் ஒரு விடை என்று தெரியணுமே.

வாய்ப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தெரியாவிட்டால் கதையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய மூளை ஏழெட்டை எண்ணிக்கொண்டிருக்கும். ஆனால் மறந்துபோனால் கட்டிக்கொள்ளவும் தெரியணும். ஏழு நாலு இருபத்தெட்டு. ஏழு எட்டு அதில் ரெண்டு மடங்கு, ஐம்பத்தாறு. தேங்காய்ப் பையன் வழிதான் இது.

இதற்கெல்லாம் நேரம் ஆகும். பள்ளியில் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நான் ஒரே ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து செய்வதைப் பெரிய சாதனையாகச் சொல்ல வெட்கமாக இருக்கு. மார்க்கும் உடனே ஏறிவிடவில்லை. 'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்வது மட்டும் குறைந்திருக்கிறது.

போன வாரம் ஒரு கணக்கோடு வந்தாள். "மாமா, இது பங்கா கூறா?" எனக்குச் சுருக்கென்றது. பெருக்கலா வகுத்தலா என்ற பழைய கேள்வியே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறதோ? பழைய சார்ட்டைக் கிழித்துவிட்டு இன்னொரு சார்ட்டை மனசுக்குள் ஒட்டிவிட்டேனோ? இந்தத் தடவை பதில் சொல்லவில்லை. "கதையைச் சொல்லு" என்றேன். சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே நிறுத்தி, "ஓ, சரி" என்று நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பங்கா கூறா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்க வீட்டிலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. 12 ÷ 3-க்கு ரெண்டு கதை, 6 ÷ ½-க்கு ஒரு கதை. பிள்ளைகளிடம் மட்டும் இல்லை, பெரியவர்களிடமும். என்ன கதை வந்தது என்று எனக்கும் எழுதுங்க.